ஸ்விட்ச்ல விலான் பிரிக்கிறப்போ பிவிஐடிய மறந்துடாதீங்க

விலான்னா ஒரே ஸ்விட்ச்ச பல தனி நெட்வொர்க்கா பிரிக்கிறது. மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங் மாத்த முடியுற ஸ்விட்ச்) இருந்தும் நிறைய இடத்துல எல்லா போர்ட்டும் விலான் 1லயே கிடக்கும், கேமரா, கெஸ்ட் வைஃபை, அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் எல்லாம் ஒண்ணா, ஒருத்தர் விடுற பிராட்காஸ்ட் (எல்லாருக்கும்னு அனுப்புற தகவல்) எல்லாருக்கும் போகும். பிரிக்கிறது பெரிய வேலை இல்ல. முதல்ல எந்த போர்ட்ல என்ன சொருகியிருக்கு, எது எந்த விலானுக்குப் போகணும்னு பேப்பர்ல எழுதிடுங்க.

ஆபீஸுக்கு 10, கேமராவுக்கு 20, கெஸ்ட்டுக்கு 30னு வச்சுக்கலாம். ஐபி ரேஞ்சும், கேமராவுக்கு 192.168.20.0னு, அதே நம்பர்ல குடுத்தா பின்னாடி குழப்பம் வராது.

வெப் பேஜ்ல செட் பண்ற ஸ்விட்ச்ல நிறைய பேர் மாட்டுறது இங்கதான். கேமரா இருக்குற போர்ட் 5ஐ விலான் 20ல அன்டேக்டுன்னு (விலான் நம்பர் ஒட்டாம) சேத்துட்டு முடிஞ்சுதுன்னு எழுந்துடுவாங்க, ஆனா அது வெளிய போற ஃபிரேமுக்கு (டேட்டா துண்டுக்கு) மட்டும்தான், கேமராலேர்ந்து உள்ள வர்ற ஃபிரேம் எந்த விலான்ங்கிறத முடிவு பண்றது பிவிஐடிங்கிற போர்ட் செட்டிங், அது இன்னும் 1லயே இருந்தா லிங்க் லைட் பச்சையா எரியும், ஐபி மட்டும் வரவே வராது. அதனால பிவிஐடியையும் 20 ஆக்குங்க, அந்த போர்ட்ட விலான் 1லேர்ந்து எடுத்துடுங்க.

ரவுட்டருக்கோ இன்னொரு ஸ்விட்ச்சுக்கோ போற போர்ட்ல மூணு விலானும் டேக்டு, அதாவது ஃபிரேம்ல விலான் நம்பர் ஒட்டியே போகும். ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி இருக்கணும். ரெண்டு மூணு வைஃபை பேர் விடுற ஆக்ஸஸ் பாயிண்டுக்கும் இதேதான். நீங்க லேப்டாப் சொருகியிருக்குற போர்ட்ட கடைசியா தொடுங்க, இல்லன்னா பேஜ் பாதியில கட்டாகும்.

விலான் பிரிச்சாலே பாதுகாப்புன்னு நெனச்சுடாதீங்க, ரவுட்டர்ல மூணுக்கும் கேட்வே (வெளிய போற வழி) குடுத்ததும் பொதுவா அதுவே ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு ரவுட் பண்ணிவிடும், கெஸ்ட்லேர்ந்து மத்ததுக்குப் போறத ஃபயர்வால்ல நீங்கதான் தடுக்கணும். தானா ஐபி குடுக்குற டிஹெச்சிபியும் ஒவ்வொரு விலானுக்கும் தனியா வேணும்.

டிராஃபிக் பக்கம் வந்தா முதல்ல ஆர்எஸ்டிபி (கேபிள் சுத்தி லூப் ஆகாம தடுக்குற வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க, அது இல்லாம யாராவது ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் ஸ்விட்ச்லயே சொருகிட்டா மொத்த நெட்வொர்க்கும் படுத்துடும். எந்த டிராஃபிக் முதல்ல போகணும்னு சொல்ற க்யூஓஎஸ்ல வாய்ஸ் ஃபோனுக்கு முன்னுரிமை குடுங்க, பாக்கெட்ல இருக்குற முன்னுரிமை நம்பரான டிஎஸ்சிபி அதுக்குப் பொதுவா 46, ஆனா லைன் நெரிசலாகுறப்போதான் அதால பிரயோஜனம். அப்லிங்க் (ரவுட்டருக்கோ அடுத்த ஸ்விட்ச்சுக்கோ போற லைன்) பத்தலன்னு எல்ஏசிபி (பல கேபிள ஒரே லிங்க்கா சேக்குற முறை) போட்டு ரெண்டு 1 ஜிகாபிட் கேபிள சேத்தாலும் ஒரே ஃபைல் காப்பி 2 ஜிகாபிட்ல ஓடாது, ஒரு கனெக்‌ஷன் ஒரு கேபிள்லதான் போகும், பல பேர் சேந்து யூஸ் பண்றப்போதான் லாபம் தெரியும்.

எல்லா விலான்லேர்ந்தும் பிங் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் சேவ் குடுங்க. அப்ளையும் சேவும் தனித்தனியா இருக்குற ஸ்விட்ச்ல சேவ் பண்ணாம இருந்தா, நடுவுல செட்டிங் பேஜுக்குள்ள போக முடியாம மாட்டிக்கிட்டாலும் பவர ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழைய செட்டிங்குக்கே வந்துடும்.