உதவித்தொகை கணக்கில் ஏறவில்லையா? மனு எழுதும் முன் பார்க்க வேண்டியவை

சமையல் காஸ் மானியம், பி.எம். கிசான், மத்திய அரசின் பேறுகால உதவி போன்றவை பெரும்பாலும் கணக்கு எண்ணை வைத்து வருவதில்லை, ஆதார் எண்ணை வைத்தே வருகின்றன. ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான். கடைசியாக எங்கே இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். குழுக் கடனுக்காகப் புதுக் கணக்கு தொடங்கியபோது படிவத்தில் போட்ட ஒரு டிக், பணத்தை அந்த வங்கிக்குத் திருப்பியிருக்கலாம். பழைய பாஸ்புக்கையே வரிசையில் நின்று பதிந்துகொண்டிருப்போம், பணமோ இன்னொரு கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மை ஆதார் தளத்துக்குள் போய் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' (வங்கி இணைப்பு நிலை) பாருங்கள். ஆதாரில் பதிந்த செல் நம்பர் உங்கள் கையில் இருந்தால்தான் ஓ.டி.பி. வரும். வங்கியின் பெயரும், இணைப்பு ஆக்டிவா இல்லையா என்பதும் அதில் தெரியும்.

இன்ஆக்டிவ் என்றோ வேறு வங்கி என்றோ காட்டினால் கிளைக்கு நேரில் போக வேண்டும். அங்கே "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று மட்டும் சொன்னால் "ஏற்கெனவே லிங்க் ஆகியிருக்கே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. கே.ஒய்.சி.க்காக, அதாவது வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பதற்காக, ஆதார் கொடுத்தது வேறு, மானியம் வருவதற்காக என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப் பரிமாற்றக் கழகத்தின் பதிவில் ஏற்றுவது வேறு. "என்.பி.சி.ஐ.யில் ஏற்றணும், ஒப்புதல் படிவம் கொடுங்கள்" என்று கேளுங்கள். வேறு வங்கியிலிருந்து மாற்றுவதானால் அந்தப் பழைய வங்கியின் பெயரையும் படிவத்தில் எழுத வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். சில நாள் கழித்து ஸ்டேட்டஸை மறுபடி பாருங்கள்.

அடுத்த சிக்கல் கே.ஒய்.சி. ஜன்தன் திட்டம் தொடங்கியது 2014 ஆகஸ்ட் 28. சாதாரணக் கணக்குகளுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பதால், ஆரம்பத்தில் திறந்தவற்றுக்கெல்லாம் கெடு வந்துவிட்டது. விவரம் எதுவும் மாறவில்லை என்றால் எழுதிக் கொடுத்தாலே போதும்.

பணம் வந்தும் குறைகிறதா? மினிமம் பேலன்ஸ் பிடித்தமாக இருக்கலாம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை முதன்முதலாக வந்தபோது, பல பெண்களின் 1,000 ரூபாயில் வங்கிகள் இப்படிக் கை வைத்தன. ஏழைக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய காசில் இப்படிப் பிடிப்பது அநியாயம். ஆனால் இதைத் தடுக்கும் வழி உங்களிடமே இருக்கிறது. இருக்கும் கணக்கை 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' ஆக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது, மாதம் 4 முறை இலவசமாக எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் 30 நாளுக்குள் மூடிவிட வேண்டும்.

கைரேகை வைத்துப் பணம் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். "ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க" என்று வங்கி முகவர் சொன்னால், முதல் முறை நடந்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்கிய பிறகே விரலை வையுங்கள். தோல்வி என்று அதில் அச்சாகியிருக்க வேண்டும். எடுக்காத நாட்களில் மை ஆதாரில் பயோமெட்ரிக்கை (கைரேகை போன்ற உடல் அடையாளப் பதிவை) பூட்டி வைக்கலாம்.

வங்கியில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, உதவிக்கு 14448. புகாரின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். அங்கே முதலில் கேட்பது அவற்றைத்தான்.