யாருகிட்டயும் ஒட்டிக்குற புள்ள "தங்கமான புள்ள" இல்லீங்க

பாம்பன் ரோட்டுல ஒரு டீக்கடை வாசல்ல பாத்தது. நாலு வயசு பாப்பா, டூரிஸ்ட் வேன்ல வந்த ஒரு அக்கா கைய புடிச்சுட்டு நேரா வேனுக்குள்ள ஏறி உக்காந்துருச்சு, ஒரு தடவகூட திரும்பி அதோட அப்பத்தாவ பாக்கல. எல்லாரும் சிரிக்குறாங்க, "கூச்சமே இல்ல, தைரியமான புள்ள"ன்னு. அந்த பாப்பா பொறந்ததுலருந்து மூணு வீடு மாறி வந்துருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இத பாராட்டுறதுதான் மொத தப்பு. கலகலப்பான புள்ளையும் புது ஆளுகிட்ட போகும், ஆனா பத்தடி போயிட்டு அம்மா இருக்காளான்னு ஒரு பார்வை பாக்கும். அந்த பார்வை இருக்கான்னு பாருங்க.

இன்னொரு பக்கம், விழுந்து முட்டில ரத்தம் வந்தாலும் யாருகிட்டயும் ஓடாம, தூக்குனாலும் சமாதானம் ஆகாம, சிரிப்பே இல்லாம இருக்குற புள்ளைய "சமத்து, தொந்தரவே இல்ல"ங்குறோம். ரெண்டும் பாசப்பிணைப்புல வர்ற வேற வேற பிரச்சனை, மனநல பிரச்சனைகள வகை பிரிக்க டாக்டருங்க வச்சுக்குற டிஎஸ்எம்-5 புக்குல 2013லயே தனித்தனியா பிரிச்சுட்டாங்க. ரெண்டுக்கும் வேர் ஒண்ணு: சின்னதுல சரியான கவனிப்பு இல்லாம போறது, பாத்துக்குற ஆளு மாறிகிட்டே இருக்குறது, ஆதரவில்லாத புள்ளைங்க ஹோம்ல கூட்டத்தோட வளர்றது.

அதுக்காக அம்மா பாசி எடுக்க கடலுக்கு போறா, அப்பா துபாய்ல இருக்காருன்னு அவங்க மேல பழி போடாதீங்க, எனக்கு ரொம்ப கோவம் வர்றது இதுலதான். அம்மாச்சி ஒருத்தி நிலையா மடியில வச்சு வளத்தா அது நல்ல வளர்ப்புதான்.

நெட்ட பாத்து ஆட்டிசம்னு நீங்களே முடிவு பண்றதும் வேணாம், அத டாக்டர் பிரிச்சு பாக்கணும். ஏர்வாடி தர்காவுக்கு போறது உங்க நம்பிக்கை, ஆஸ்பத்திரிய மட்டும் தள்ளி போடாதீங்க. பாசம் வரட்டும்னு திமிர திமிர இறுக்கி புடிக்குறது ஆபத்து, செய்யவே கூடாது.

தத்தெடுத்தவங்க "இவ்ளோ பாசம் காட்டியும் இன்னும் யாரு கூடவும் போயிருது"ன்னு நொந்துக்குறாங்க. ருமேனியா நாட்டு புக்காரெஸ்ட்ல 2000ல ஹோம் புள்ளைங்க 136 பேர வச்சு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, அதுல நல்ல வீடு கெடைச்சதும் ஒதுங்கியே இருந்த புள்ளைங்க சீக்கிரம் தேறுனாங்க, எல்லார்கிட்டயும் ஒட்டுற பழக்கம் மட்டும் லேசுல போகல. அது உங்க பாசத்துல உள்ள குறை இல்ல.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி போகும்போது, எந்த மாசத்துலருந்து எந்த மாசம் வரைக்கும் யாரு வளத்தாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க, டாக்டர் மொதல்ல அதத்தான் கேப்பாங்க. போறதுக்கு முன்னாடி பேசணும்னா 14416 இருக்கு, டெலி மானஸ்ங்குற அரசாங்க மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசலாம்.