அத்தர் வாங்கும் முன் அரை மணி நேரம்

மல்லிகை அத்தரைக் குப்பியில் முகர்ந்து பார்த்து வாங்காதீர்கள். மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்து, தேய்க்காமல், கடைத்தெருவில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு வந்து முடிவு செய்யுங்கள். சட்டென ஆவியாகும் பொருட்கள் முதல் சில நிமிடங்களிலேயே பறந்துவிடும். குப்பியைத் திறந்ததும் மூக்கைத் துளைப்பவை அவைதான். அப்புறம் உடல் சூட்டில் மெல்ல எழும் பூ வாசமும் அடியில் தங்கும் சந்தனமும்தான் நெடுநேரம் உங்களோடு வரும். அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேச ஊரான கன்னோஜில் மரபாகப் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில்தான் இறக்குவார்கள். மலிவுச் சரக்கில் சந்தனத்துக்குப் பதில் பாரஃபின் எண்ணெய் இருக்கும். அதற்கென்று சொந்த வாசம் கிடையாது, பூ போனதும் சப்பென்று ஆகிவிடும்.

வெட்டிவேர், சந்தன அத்தர்களுக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டாம், அவை மெதுவாகத்தான் மாறும். தோல் அரிக்கும் வழக்கமுள்ளவர்கள் காகிதத் துண்டில் தொட்டுப் பாருங்கள்.