சுவரில் மாட்டிய செஸ்னா ஆல்டிமீட்டர்

ஓரங்கட்டிய செஸ்னா 152 என்ற சிறு விமானத்தின் பேனலைப் பிரித்தபோது, உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் எனக்குக் கிடைத்தது. கரண்டே வேண்டாம், காற்றழுத்தத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் உலோக டப்பிதான் முள்ளை நகர்த்தும். ஏற்காட்டு வீட்டில் காற்றழுத்தம் பார்க்கும் பாரோமீட்டராக வைத்துக்கொள்ளலாமே என்று எடுத்துப் போனால், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியும் முள் சேலத்தின் 900 அடியிலேயே நிற்கிறது! இரண்டு நாள் புலம்பினேன். அப்புறம் பார்த்தால், தூசி போகாமலிருக்கப் பின்பக்கம் வெளிக்காற்று நுழையும் ஸ்டாடிக் துளையில் நானே போட்ட மூடி, எடுக்கவே இல்லை. சட்டென்று பிடுங்காமல் மெல்லத் தளர்த்தினேன், 5,000 அடியை ஒட்டி வந்து நின்றது. இப்போது முள் 30 அடி ஏறினால் அழுத்தம் சுமார் 1 மில்லிபார் குறைந்திருக்கிறது என்று கணக்கு. பார்ப்பதற்கு முன் கண்ணாடியை லேசாகத் தட்டணும், விமானத்தில் அந்த வேலையை என்ஜின் அதிர்வே செய்துவிடும்.