கிளினிக்கலா, கவுன்சிலிங்கா?

உளவியல் மேற்படிப்புக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துச் சலிப்பது என் வேலைகளில் ஒன்று. பலரும் கிளினிக்கல் உளவியலா, கவுன்சிலிங் உளவியலா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முன்னது தீவிர மனநோய்கள் பக்கமும், பின்னது வேலை, உறவு போன்ற வாழ்க்கைச் சிக்கல்கள் பக்கமும் கொஞ்சம் சாயும். அவ்வளவுதான், பாடங்களில் பெரும்பகுதி பொது.

உங்களுக்கு ஆய்வு பிடிக்குமா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 1949இல் நடந்த போல்டர் மாநாடு, ஆய்வும் சிகிச்சையும் சேர்ந்த பயிற்சியை வலியுறுத்தியது, பிஎச்.டி. பெரும்பாலும் அந்த வழிதான். 1973 வெய்ல் மாநாடு, சிகிச்சைப் பயிற்சியை முன்னிறுத்தும் சை.டி. (Psy.D.) என்ற உளவியல் முனைவர் பட்டத்தை ஆதரித்தது. புள்ளியியல் என்றாலே ஓடுபவர் பிஎச்.டி. பக்கம் போகாமல் இருப்பது நல்லது. (சை.டி.யிலும் முழுதாகத் தப்பிக்க முடியாது.)

விண்ணப்பத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று சொல்லும் நோக்க அறிக்கையை "நண்பர்கள் எல்லாரும் என்னிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள்" என்று தொடங்காதீர்கள். பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எந்தக் கேள்வி உங்களைக் குடைகிறது, அதை எந்தப் பேராசிரியரோடு ஆராய விருப்பம், ஏன் என்று எழுதுங்கள். அதற்கு அவருடைய சமீபத்திய கட்டுரைகளைப் படித்திருக்க வேண்டும்.

அப்புறம், பணம் கட்டும் முன் உரிமம். நீங்கள் தொழில் செய்யப்போகும் இடத்தில் அந்தப் பட்டம் செல்லுமா, மேற்பார்வையுடன் எத்தனை மணிநேரப் பயிற்சி வேண்டும் என்று உரிமம் தரும் அமைப்பிடமே கேளுங்கள்.