சன்னல் ஃபிலிம் வாங்குமுன் வீட்டிலேயே ஒரு சோதனை

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கூடத்துச் சன்னல் மேற்குப் பார்த்தது. மாலை நாலு மணிக்குச் சோபாவில் கை வைக்க முடியாது. கறுப்பாக இருந்தால் வெயிலைத் தடுக்கும் என்று நம்பி, கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய ஃபிலிம் ஒன்றை ஒட்டினேன். கூடம் இருண்டது, சூடு குறையவே இல்லை.

சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வெறும் சாயம் பூசிய ஃபிலிம் வெளிச்சத்தைத்தான் குறைக்கும். அகச்சிவப்பில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். நமக்கு வேண்டியது நேர்மாறானது: வெளிச்சத்தை விட்டு, அகச்சிவப்பைத் தடுப்பது. லாந்தனம் ஹெக்சாபோரைடு, சீசியம் டங்ஸ்டன் ஆக்ஸைடு ஆகியவற்றின் நானோ துகள்கள் கலந்த ஃபிலிம்கள் அப்படிப்பட்டவை.

படி 1: கடையில் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு கேளுங்கள். தரத் தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

படி 2: டிவி ரிமோட்டைக் கைபேசிக் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி மின்னும். பெரும்பாலான ரிமோட்டுகளில் அது 940 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளி. நடுவில் ஃபிலிமைப் பிடியுங்கள். புள்ளி மங்கினால் நல்லது. என் கறுப்பு ஃபிலிமில் அது மங்கவே இல்லை!

(பிற்சேர்க்கை: புள்ளியே தெரியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். செல்ஃபி கேமராவில் பாருங்கள்.)

படி 3: நான் சறுக்கியது இங்கேதான். இன்னொரு ஃபிலிமில் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. வேண்டாமென்று ஒதுக்க இருந்தேன். அது இண்டியம் டின் ஆக்ஸைடு வகை. அந்த வகை இன்னும் நீண்ட அலைகளைத்தான் நன்றாக உறிஞ்சும். ரிமோட் காட்டுவது ஒரே அலைநீளத்தை மட்டும். அதனால் ஹாலஜன் விளக்கு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்இடி உதவாது, அதில் அகச்சிவப்பு மிகக் குறைவு. விளக்கிலிருந்து இரண்டு சாண் தள்ளிக் கையை நீட்டி, இடையில் ஃபிலிமை அரை நிமிடம் பிடியுங்கள். கையில் சூடு குறைகிறதா? சரி, இப்போது ஃபிலிமைத் தொட்டுப் பாருங்கள். அதுவே சூடாகியிருந்தால் உறிஞ்சுகிற வகை. அவ்வளவாகச் சூடாகாவிட்டால் திருப்பி அனுப்புகிற வகை.

இந்த வேறுபாடு முக்கியம். உறிஞ்சிய வெப்பம் கண்ணாடியில்தான் தங்கும், அதில் ஒரு பங்கு அறைக்குள்ளும் வரும். பாதி வெயில், பாதி நிழல் விழும் கண்ணாடி விரிசல் விடலாம். கம்பி வலை பதித்த கண்ணாடி என்றால், ஒட்டுபவரிடம் கேட்காமல் ஒட்டவே வேண்டாம்.

அப்புறம், காருக்கும் இதே சோதனைதான். சிங்கப்பூரில் முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். அங்கே கறுப்பு ஃபிலிமுக்கு இடமே இல்லை.