பிரிட்டனில் நல்ல சீன உணவகம் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

பிரிட்டனில் சீன டேக்அவே (பார்சல் கடை) இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு கடைகள் இருந்தும் பலர் ஏமாந்து திரும்பக் காரணம், கடையைத் தேடும்போது கேட்கும் கேள்வியே தவறாக இருப்பதுதான். ‘நல்ல இந்தியச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?’ என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டால், செட்டிநாடா பஞ்சாபியா என்று நாம் திருப்பிக் கேட்போம். சீனச் சமையலுக்கு அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

எந்த ஊர்ச் சமையல் என்று பார்க்காமல் உள்ளே போவது

1950, 60களில் பிரிட்டனுக்கு வந்து கடை போட்டவர்களில் பெரும்பாலோர் ஹாங்காங்கின் நியூ டெரிட்டரிஸ் பகுதிக் கிராமத்தார். கான்டனீஸ், ஹக்கா மொழிக்காரர்கள். ஆங்கிலேயர் நாக்குக்கு ஏற்ப அவர்கள் மாற்றிச் செய்ததுதான் இன்றைய டேக்அவே மெனு. ‘கிறிஸ்பி சீவீட்’ என்ற பெயரில் வருவது பெரும்பாலும் கடற்பாசி அல்ல, மெல்லியதாக அரிந்து பொரித்த முட்டைக்கோஸ் வகைக் கீரை. ‘கிறிஸ்பி அரோமாட்டிக் டக்’ மசாலாவில் வேகவைத்து எண்ணெயில் பொரித்த வாத்து. பீக்கிங் டக் அடுப்பில் வாட்டுவது. இரண்டும் வேறு. டேக்அவே உணவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதை வைத்து ஒரு சீனச் சமையலறையை எடை போட முடியாது.

2000க்குப் பிறகு சீனப் பெருநிலத்திலிருந்து மாணவர்களும் சமையல்காரர்களும் வரவர, சிச்சுவான், ஹூனான், சியான், வடகிழக்கு என்று சீனாவின் வட்டாரச் சமையல்கள் பரவின. 2006இல் லண்டன் சோஹோவில் திறந்த ‘பார் ஷூ’ உணவகம் சிச்சுவான் சமையலைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 2021 ஜனவரியில் ஹாங்காங்காரர்களுக்கான பி.என்.ஓ. விசா வந்தபின் குடியேறியவர்களால் லண்டனின் சட்டன், மான்செஸ்டரை ஒட்டிய சேல் போன்ற புறநகர்களிலும் ஹாங்காங் பாணிக் கடைகள் முளைத்திருக்கின்றன.

ஒரு கடை எந்த ரகம் என்பதை மெனுவின் முதல் இரண்டு பக்கங்களே காட்டிக் கொடுத்துவிடும். பூண்டு வெள்ளரி, மிளகாய் எண்ணெயில் மிதக்கும் மீன், மாப்போ டோஃபு முன்னால் வந்தால் சிச்சுவான். கண்ணாடிக்குப் பின்னால் வாட்டிய வாத்தும் பன்றியிறைச்சியும் தொங்கி, மதியம் டிம்சம் (கொழுக்கட்டை போன்ற சிறு பலகார வகைகள்) இருந்தால் கான்டனீஸ். சீரகம் போட்ட ஆட்டிறைச்சியும் பெல்ட் அகல நூடுல்ஸும் சியான். பெரிய கொழுக்கட்டைகளும் ஊறவைத்த புளிப்பு முட்டைக்கோஸும் வடகிழக்கு. சீன எழுத்து தெரியாதவர்களும் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளலாம்: பலகையில் மூன்று செங்குத்துக் கோடுகள் பக்கம்பக்கமாக நின்றால் அது சிச்சுவானைக் குறிக்கும் எழுத்து.

பாட் தாய், சூஷி, தாய் கிரீன் கறி, ஸ்வீட் அண்ட் சோர் எல்லாம் ஒரே மெனுவில் இருந்தால் வெளியே வந்துவிடலாம். மலேசியச் சீனர் கடையில் லக்ஸா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் சூப்பும் மற்ற நூடுல்ஸும் சேர்ந்திருப்பது மட்டும் இயல்பு. நீண்ட மெனு என்பதாலேயே ஒதுக்கவும் வேண்டாம். பெரிய கான்டனீஸ் விருந்து உணவகங்களில் 150 அயிட்டங்கள் சகஜம்.

கோபி மஞ்சூரியன் தேடுவது

நம் ஆட்கள் தனியாகச் செய்யும் தவறு இது. மஞ்சூரியன் இந்தியாவில் பிறந்த உணவு. சீனர் நடத்தும் கடையில் அது பெரும்பாலும் கிடைக்காது. ‘ஷெஸ்வான்’ சாஸின் பூண்டுக் காரத்தை நினைத்துச் சிச்சுவான் கடைக்குப் போனால், நாக்கை மரத்துப் போகச் செய்யும் ஹ்வாஜியாவ் மிளகு வந்து அதிர்ச்சி தரும். இந்தோ-சைனீஸ்தான் வேண்டுமென்றால் வெம்ப்ளி, ஹாரோ, சவுத்தால் பக்கம் அதற்கென்றே கடைகள் உண்டு. அங்கே போவதில் வெட்கமில்லை. ஒரு கடையில் இன்னொன்றைத் தேடுவதுதான் வீண்.

நட்சத்திரத்தை நம்புவது

கூகுளில் 4.7 வாங்கிய கடை, சர்வர் சிரித்த முகமாக இருந்ததற்கும் இறால் அப்பளத்தை இலவசமாகத் தந்ததற்கும் சேர்த்து அதை வாங்கியிருக்கலாம். 3.9 கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். ‘கோழியில் எலும்பு இருந்தது’, ‘மீன் முழுதாகத் தலையோடு வந்தது’, ‘ஒரே எண்ணெய், தட்டு நிறைய மிளகாய்’ என்ற புகார்கள் சமையலுக்குக் கிடைத்த நற்சான்றிதழ். ‘இறைச்சி நாறியது’, ‘சோறு ஆறிப்போயிருந்தது’ என்பவைதான் உண்மையான புகார்கள்.

கடைசி மூன்று மாத விமர்சனங்களை மட்டும் பாருங்கள். பெயர்ப்பலகை அப்படியே இருக்க, உரிமையாளரும் சமையல்காரரும் மாறிவிடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும். சாப்பிட வந்தவர்கள் எடுத்த படங்கள், கடை போட்ட படங்களைவிட நம்பகமானவை. நாட்டிங்ஹாமில் தொடங்கிய ஹங்கிரிபாண்டா உணவு டெலிவரி செயலியை ஆங்கிலத்திலேயே திறந்து, உங்கள் நகரில் சீன மாணவர்கள் எங்கிருந்து வரவழைக்கிறார்கள் என்று பார்க்கலாம். சீனர்களின் சமூக ஊடகச் செயலியான சியாவ்ஹோங்ஷூவில் ஊர் பெயரைப் போட்டுத் தேடினால் படங்களே போதும், மொழி தேவையில்லை.

சுகாதார மதிப்பெண்ணையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அது 0 முதல் 5 வரை. ஸ்காட்லாந்தில் ‘பாஸ்’ அல்லது ‘முன்னேற்றம் தேவை’. ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் வாசலில் ஒட்டுவது கட்டாயம். இங்கிலாந்தில் அப்படி இல்லை, அதனால் ஸ்டிக்கர் காணவில்லை என்றால் உணவுத் தர முகமையின் தளத்தில் கடை பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். 3க்குக் கீழே என்றால் வேறு கடை பார்ப்பதே நல்லது.

‘சீனர்கள் கூட்டம் இருந்தால் நல்ல கடை’ என்பது பாதி உண்மை. பேருந்தில் வந்திறங்கும் சுற்றுலாக் குழுவும் சீனர்கள்தான். அவர்களுக்கு முன்கூட்டியே பேசிய மலிவு செட் சாப்பாடு. பாட்டி, பேரன் என்று மூன்று தலைமுறை உட்கார்ந்து, மேசை நடுவில் முழு மீனும் ஒரு கீரைத் தட்டும் இருந்தால் தயங்காமல் போகலாம்.

அலங்கார வளைவோடு நின்றுவிடுவது

மான்செஸ்டர் ஃபாக்னர் ஸ்ட்ரீட்டில் 1987இலும், லிவர்பூல் நெல்சன் ஸ்ட்ரீட்டில் 2000இலும் எழுந்த சைனாடவுன் (சீனக் கடைகள் கூடியிருக்கும் பகுதி) வளைவுகள் படம் எடுக்க அருமையானவை. லண்டன் சைனாடவுனின் ஜெரார்ட் ஸ்ட்ரீட்டில் வாடகை மிக அதிகம். ஒரே ஒருமுறை வந்து போகிற சுற்றுலாப் பயணியை நம்பி நடக்கும் கடைகளும் அங்கே உண்டு. வாசலில் நின்று கூப்பிட்டாலோ, பஃபே பலகை வைத்திருந்தாலோ தாண்டிப் போங்கள். அதற்காகச் சைனாடவுனை முழுக்க ஒதுக்குவதும் சரியல்ல, பக்கத்து லைல் ஸ்ட்ரீட்டையும் நடந்து பாருங்கள். லண்டனில் வாத்துக்கு குயீன்ஸ்வே, சிங்ஜியாங் ஆட்டிறைச்சிக்குக் கேம்பர்வெல், பல வகையும் ஒரே கூரையின்கீழ் வேண்டுமென்றால் காலிண்டேலில் உள்ள பேங் பேங் ஓரியண்டல் உணவுக்கூடம். ஷெஃபீல்டில் வளைவு கிடையாது; சீனக் கடைகள் இருக்கும் லண்டன் ரோடு என்ற தெரு இருக்கிறது. பொதுவாகப் பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தேடுவது பலன் தரும்.

நேரமும் முக்கியம். டிம்சம் பகல் உணவு. பல இடங்களில் மாலை 5 மணிக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். இரவில் கிடைக்கும் டிம்சம் பெரும்பாலும் முன்பே செய்து வைத்ததைச் சூடாக்கித் தருவது. ஞாயிற்றுக்கிழமை 12 மணிக்கு முன்பே போனால் வரிசையில் நிற்க வேண்டாம். வாட்டிய இறைச்சியும் மதியத்தில்தான் மொறுமொறுப்பாக இருக்கும்.

ஆர்டர் கொடுப்பதில்தான் பாதி தோல்வி

நல்ல கடைக்குள் போயும் மோசமாகச் சாப்பிட முடியும். ஆளுக்கொரு தட்டு, அதற்கொரு ஃபிரைட் ரைஸ் என்று சொன்னால் நான்கு தட்டும் ஒரே பழுப்பு நிறத்தில் வந்து நிற்கும். நான்கு பேர் என்றால் நான்கு அல்லது ஐந்து உணவு, நடுவில் வைத்துப் பகிர, கூடவே வெறும் சோறு. அந்த ஐந்தில் ஒன்று ஆறிய நிலையில் பரிமாறுவது, ஒன்று ஆவியில் வெந்தது அல்லது குழம்பு, ஒன்று வறுவல், ஒன்று கண்டிப்பாகக் கீரை. பொரித்தது ஒன்றுக்கு மேல் வேண்டாம். ‘செட் மீல் ஏ’ பக்கத்தைத் திறக்கவே வேண்டாம், அது சீனச் சாப்பாடு தெரியாதவர்களுக்காக எழுதியது. சுவரில் சீனத்தில் மட்டும் ஒட்டியிருக்கும் தாள்களில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

‘ஒரு தட்டுக் கீரைக்குப் பத்து பவுண்டா?’ என்று பலர் தவிர்த்துவிடுகிறார்கள். சமையல்காரரின் கைப்பக்குவம் தெரிவது அதில்தான். ‘இன்றைக்கு என்ன கீரை?’ என்று கேட்டுப் பட்டாணித் தளிரோ காய்லானோ (சீன பிராக்கோலி) பூண்டு போட்டு வறுத்துத் தரச் சொல்லுங்கள். நிறம் பச்சையாக, தண்டு நறுக்கென்று, தட்டின் அடியில் தண்ணீர் தேங்காமல் வர வேண்டும். தீ போதாமலோ வாணலியில் ஒரேயடியாக நிறையப் போட்டோ செய்தால் கீரை வதங்குவதற்குப் பதில் வெந்து தண்ணீர் விடும்.

மற்றச் சமையலறைகளுக்கும் இப்படிச் சோதனை உண்டு. கான்டனீஸ் என்றால் ஹார் காவ் இறால் கொழுக்கட்டை: மேல்தோல் கண்ணாடிபோல் இருந்து, குச்சியால் தூக்கினால் கிழியக்கூடாது. சிச்சுவான் என்றால் மீன் வாசக் கத்தரிக்காய். பெயரில்தான் மீன், உள்ளே பூண்டு, இஞ்சி, ஊறிய மிளகாய், வினிகர். புளிப்பும் காரமும் இனிப்பும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், வெறும் இனிப்பு என்றால் கடை தேறாது. மிளகாய்க் குவியலில் வரும் கோழியில் மிளகாயைச் சாப்பிடக்கூடாது, கோழியைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். மிளகாய் எண்ணெய் மீனிலும் எண்ணெயைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

சைவம், மாட்டிறைச்சி, ஹலால்

‘வெஜிடபிள்ஸ்’ தலைப்பின் கீழ் இருப்பதெல்லாம் சைவம் என்று எண்ணுவது ஆபத்து. காய்ந்த வறுவல் பீன்ஸில் கொத்திய பன்றியிறைச்சி, மாப்போ டோஃபுவில் கொத்திய மாட்டிறைச்சி அல்லது பன்றியிறைச்சி, காய்லான் மேல் சிப்பி சாஸ், சூப்பில் கோழி ரசம் வழக்கம். ‘ஐ ஆம் வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கொத்திய இறைச்சி, சிப்பி சாஸ், கோழி ரசம், பன்றிக் கொழுப்பு நான்கும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஹாட்பாட்டில் (மேசையில் கொதிக்கும் குழம்பில் நாமே போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது) கவனிக்க வேண்டும். சோங்சிங் பாணிச் சிவப்புக் குழம்பின் அடிப்படையே மாட்டுக் கொழுப்பு. நீங்கள் உள்ளே போடுவது வெறும் காளானாக இருந்தாலும் கொழுப்பு வந்துவிடும். தாவர எண்ணெய்க் குழம்பு உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் தக்காளி அல்லது காளான் குழம்பு. அதிலும் எலும்பு ரசம் சேர்ந்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். ஹலால் பார்ப்பவர்களுக்கு வடமேற்குச் சீனாவின் லான்சோ, சிங்ஜியாங் சமையல் கடைகள் தோது. ஆனால் அந்த வகைக் கடை எல்லாமே ஹலால் அல்ல, சமையல் ஒயின் சேர்ப்பார்களா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

பில், பார்சல்

மீன், நண்டு, லாப்ஸ்டர் பக்கத்தில் ‘சீசனல் பிரைஸ்’ என்றிருந்தால் எடை, விலை இரண்டையும் சொல்லச் சொல்லிவிட்டு ஆர்டர் கொடுங்கள். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று போடுவது வழக்கம். லண்டனில் பெரும்பாலும் 12.5 சதவீதம் போல சர்வீஸ் சார்ஜ் பில்லிலேயே ஏறியிருக்கும், அதைப் பார்க்காமல் மேலும் டிப்ஸ் வைக்காதீர்கள். அது விருப்பக் கட்டணம் என்று போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

பார்சலில் எது தாங்கும் என்பதையும் யோசியுங்கள். வறுத்த அரிசி நூடுல்ஸ், மிளகு உப்புக் கணவாய், கையால் இழுத்த நூடுல்ஸ் மூன்றும் மூடிய டப்பாவுக்குள் தம் ஆவியிலேயே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். மாப்போ டோஃபு, குழம்பு வகை, சோற்றின் மேல் வாட்டிய இறைச்சி ஆகியவை அரை மணி நேரப் பயணத்தையும் தாங்கும். நூடுல்ஸ் சூப்பை வீட்டுக்கு வரவழைத்தே ஆக வேண்டுமென்றால் ரசத்தையும் நூடுல்ஸையும் தனித்தனி டப்பாவில் தரச் சொல்லுங்கள்.